எந்தக் கண்ணுக்கு அஞ்சுவது?

சில மாதங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி நாளன்று, வந்தனை முடிந்து உபாசகர்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், ஜீப்பு ஓட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவர் சற்றுத் தயங்கி நின்றார். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து, விடியுமுன் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பமெட்டு மலைப்பாதை வழியே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் விடுவதும், மாலையில் அவர்களைத் திரும்ப ஊர் சேர்ப்பதும் அவருடைய தொழில். அவர் வினவியது இது:

"ஐயா, மலைமேல் வளைவுக்கு அப்பால் போலீசார் நின்றுகொண்டிருந்தால், எதிரே இறங்கி வரும் வண்டிக்காரர் விளக்கை இரண்டு முறை சிமிட்டி எனக்குத் தெரிவிப்பார். உடனே நான் காதிலிருக்கும் கைப்பேசியை மடியில் போட்டுவிடுவேன். நானும் பிறருக்கு அவ்வாறே தெரிவிக்கிறேன். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவிதானே இது? இதனால் சீலத்துக்குக் குறை உண்டோ?"

அன்று உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்ததை இங்கே எழுதுகின்றோம். நம்முள் வண்டி ஓட்டுவோரும் பலர். பிறர் ஓட்டும் வண்டியில் உயிரை ஒப்படைத்து அமர்வோர் அவரினும் பலர். ஆதலின் இஃது அவர் ஒருவரின் கேள்வி அன்று.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து, வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துக் கைப்பேசியைப் பயன்படுத்துவது, அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லி வைக்கப்பட்டது. முதன்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இவ்விரண்டும் என்பது சட்டத்தின் சொல். வழக்கு மன்றத்துக்குப் போகாமலே தீர்த்துக்கொள்வதற்கான தொகையை மாநிலங்கள் வகுத்துக்கொண்டன. கேரளத்தில் அது 2,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022இல் வெளியான ஆணைப்படி முதன்முறைக்கு 1,000 ரூபாய்.

வாளையாற்றிலும், வேலந்தாவளத்திலும், குமுளியிலும், போடிமெட்டிலும் நாள்தோறும் எல்லையைக் கடப்போர் இந்த வேறுபாட்டைக் காட்டி நகைப்பதுண்டு. "இந்தப் பக்கம் பேசினால் ஆயிரம், அந்தப் பக்கம் பேசினால் இரண்டாயிரம், பாவத்துக்கும் சோதனைச் சாவடி உண்டு போலும்" என்பர். நகைப்பில் ஓர் உண்மை இருக்கிறது. அபராதம் என்பது அரசு வைக்கும் விலை. அதை ஏற்றவும் இறக்கவும் அரசுக்கு இயலும். அதைக் கொண்டு செயலின் குற்றத்தை அளக்க முற்படுவோமாயின், விலை குறைந்த இடத்தில் குற்றமும் குறைந்துவிட்டதென்று மயங்குவோம். மலைப்பாதையின் பள்ளமோ இருபுறமும் ஒரே ஆழமுடையது.

இனி, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்றைக் கருதுவோம். வண்டி ஓட்டியபடி கைப்பேசியில் பேசிய ஒருவர்மீது, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று கேரளப் போலீஸ் சட்டத்தின்படி வழக்குத் தொடரப்பட்டது. இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தச் சட்டத்தில் கைப்பேசியைத் தடுக்கும் விதி ஏதுமில்லை என்றும், பேசினார் என்ற அளவிலேயே பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று கொள்ளலாகாது என்றும் கூறிற்று. எழுதப்படாத சட்டத்தைக் கொண்டு எவரையும் தண்டித்தல் ஆகாது. ஆதலின் நீதிமன்றம் தன் கடமையையே செய்தது. எழுத்தில் இருந்த குறையை அடுத்த ஆண்டில் வந்த திருத்தம் நீக்கிற்று.

ஆயினும் அத்தீர்ப்புச் செய்தி வெளியானபோது, "பேசுவது குற்றமில்லையாம், மோதினால்தான் குற்றமாம்" என்று வண்டிக்காரர்கள் தமக்குள் கூறிக்கொண்டனர். நீதிமன்றம் ஆராய்ந்தது ஒரு சட்டத்தின் சொற்பொருளை; மக்கள் எடுத்துக்கொண்டது ஒரு நீதிக் கொள்கையை. தீங்கு நேர்ந்தாலன்றிக் குற்றமில்லை என்பது அக்கொள்கை. இது சரியானதா?

இக்கேள்விக்கு விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி விடை தருகிறது. பிக்கு ஒருவர் ஓர் இருக்கையில் அமர்ந்தார். அதன்மேல் கிடந்த துணிக்குக் கீழே ஒரு குழந்தை படுத்திருந்தது. அதை அவர் அறியார். குழந்தை இறந்துவிட்டது. உயிர்க்கொலை செய்தவர் சங்கத்தில் நீடித்திருக்கவியலாது என்ற விதி இருந்தமையால், தாம் கெட்டோமோ என்று அஞ்சி அவர் பகவானிடம் சென்றார். கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லாமையால், சங்கத்தினின்று நீங்கும் பாராஜிகக் குற்றம் அவரைச் சாரவில்லை என்று பகவான் தீர்த்தார். அத்துடன் அமையவில்லை. இனிமேல் இருக்கையை ஆராயாமல் எவரும் அமரலாகாது. அவ்வாறு அமர்வது துக்கடம், அதாவது தகாத செயலாகிய குற்றம், என்றும் விதித்தார்.

அன்பர்கள் இதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படை. அதனாற்றான் அந்தப் பிக்கு கொலைகாரர் ஆகவில்லை. ஆனால் எண்ணமில்லை என்பதனால் எல்லாம் தீர்ந்துவிடவுமில்லை. புதிய விதி குழந்தையைக் கொன்றவரை மட்டும் கட்டவில்லை. ஆராயாமல் அமரும் ஒவ்வொருவரையும் கட்டிற்று. துணிக்கடியில் ஒன்றுமே இல்லாதபோதும், பாராமல் அமர்ந்தவர் துக்கடத்துக்கு உரியவரே. குற்றம் பாராமையில் இருக்கிறது. குழந்தை இருந்ததா இல்லையா என்பது அமர்ந்தவரின் கையில் இல்லாதது. பார்ப்பதும் பாராதிருப்பதும் அவர் கையில் உள்ளது. சீலம் நம் கையில் உள்ளதைப் பற்றியே பேசும்.

வண்டி ஓட்டுவோர் நிலையும் இதுவே. ஒவ்வொரு வளைவும் துணி போர்த்திய ஓர் இருக்கை. அப்பால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருக்கலாம். ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். நூறு நாள் பேசிக்கொண்டே திரும்பி ஒன்றும் நேரவில்லை என்பவர், நூறு நாளும் பாராமல் அமர்ந்தவரே.

பாராமையின் அளவைச் சிறிது கணக்கிட்டு அறியலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வந்த செய்தியைப் படிக்க ஐந்து வினாடி எடுத்தால், 83 மீட்டர் தூரம் கண் மூடிய வண்டி. மலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஏறினாலும் ஏறத்தாழ 42 மீட்டர். கம்பமெட்டுச் சாலையில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லாத இடங்கள் உண்டென்பது அந்த அன்பருக்கே தெரியும். 2021ஆம் ஆண்டில் ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்தியதால் இந்தியாவில் 1,997 விபத்துகளும் 1,040 மரணங்களும் நிகழ்ந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்துக்குப் பின் "பேசிக்கொண்டிருந்தேன்" என்று தாமே ஒப்புக்கொள்வோர் அரியர். ஆதலின் உண்மைத் தொகை இதனினும் கூடுதலாகவே இருத்தல் வேண்டும்.

"கையில் பிடிக்காமல், காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசினால் குற்றமில்லை அன்றோ?" என்பாரும் உளர். சட்டம் கையைத்தான் குறிப்பிடுகிறது. ஆனால் 1997இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்கை ஆராய்ந்த இரு அறிஞர்கள், பேசும் வேளையில் மோதல் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடியாத கருவியால் அந்த ஆபத்து குறைந்ததாகக் காணவில்லை என்றும் கண்டனர். 2001இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சோதனையில், தொலைபேசியில் உரையாடியோர் சைகை விளக்கைத் தவறவிடுவது இரு மடங்காயிற்று. கையில் பிடித்தோருக்கும் பிடியாதோருக்கும் வேற்றுமை தோன்றவில்லை. கண் சாலையின்மேல் இருந்தது. மனம் அங்கு இல்லை. மனம் இல்லாத கண் காணாது.

அருகில் அமர்ந்து பேசுபவர் வேறு. அவரும் சாலையைக் காண்கிறார். எதிரே லாரி வந்தால் தாமே வாய் மூடிக்கொள்கிறார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

இங்கே சட்டத்தின் எல்லை புலனாகிறது. போலீசார் மனத்தைக் காண இயலாது; கையைக் காண இயலும். ஆகையால் சட்டம் கையைப் பற்றுகிறது. அதில் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கையைப் பற்றும் சட்டத்திலிருந்து கை வழுவிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் 2003 டிசம்பர் முதல் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்தல் தடை செய்யப்பட்டது. சாலையோர விபத்தொன்றை ஓட்டியபடியே படம் பிடித்த ஒருவர், தாம் எவருடனும் பேசவில்லையே என்றார். 2019இல் உயர்நீதிமன்றம் அன்றைய விதியின் சொற்படி அவர் கூற்றை ஏற்றது. பின்னர் 2022 மார்ச்சில் விதியை விரித்து எழுத நேர்ந்தது. கேரளத்தில் நடந்ததும் இதுபோன்றதே. மனிதன் ஒளிய இடம் தேடுகிறான். சட்டம் பின்னே வந்து அவ்விடத்தை அடைக்கிறது. இந்த ஓட்டம் முடிவதில்லை. தம்மத்தில் அப்பமாதம் எனப்படும் விழிப்பு, வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்துக் கூறிய மறவாமை, இந்த ஓட்டத்துக்கு வெளியே நிற்பது. பரிநிர்வாணத்துக்கு முன் பகவான் இறுதியாக வற்புறுத்தியதும் அதுவே.

இனிப் போலீசாரின் பக்கத்தையும் ஆராய்தல் நியாயம். வளைவுக்கு அப்பால் மறைந்து நின்று பாய்ந்து மறிப்பது வேட்டையை ஒத்தது. வேட்டை நடக்குமிடத்தில் மக்கள் மான்களாகவே நடந்துகொள்வர். ஒன்றுக்கொன்று சைகை காட்டித் தப்புவர். விளக்குச் சிமிட்டல் அங்கிருந்து பிறந்ததே. தலைக்கவசம் அணியாத இருசக்கர வண்டிக்காரர்களைத் துரத்தியும் குறுக்கே பாய்ந்தும் பிடித்தல் கூடாது, கருவிகளைக் கொண்டே கண்டறிதல் வேண்டும் என்று 2019 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் கூறியது நினைவிற்கொள்ளத்தக்கது. சட்டத்தைக் காப்பவர் தம் செயலால் ஓர் உயிருக்கு ஆபத்து விளைத்தால், எந்தச் சட்டத்தைக் காத்தவராவார்? அவருக்கும் சீலம் உண்டு. கொடாததைக் கொள்ளாமை அவருக்கும் உரியது. சினமின்மை அவருக்கும் உரியது. பற்றுச்சீட்டின்றிப் பணம் கொள்பவர், "பிடிபட்டால் பணம், பிடிபடாவிட்டால் ஒன்றுமில்லை" என்ற பாடத்தையே சாலையெங்கும் கற்பிக்கிறார்.

கேரள அரசு மனிதக் கண்ணுக்குப் பதில் இயந்திரக் கண்ணை வைத்தது. 2023 ஏப்ரல் 20 அன்று 726 காமிராக்கள் கொண்ட திட்டம் தொடங்கிற்று. அவற்றுள் 675 தலைக்கவசம், இருக்கைப்பட்டை, கைப்பேசி ஆகியவற்றைத் தாமே கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் காமிராக்கள். ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கப்பட்டது. காமிரா சினங்கொள்ளாது, கைக்கூலி கேளாது, செல்வரையும் ஏழையையும் வேறாகப் பாராது. இவை பெரிய நன்மைகள். ஆயினும் அது நிற்கும் இடம் எதுவென்று அவ்வழியே செல்வோர் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். அதற்கு முன்னும் பின்னும் சாலை பழையபடியே இருக்கிறது.

கண்ணை வண்டிக்குள்ளேயே வைத்தால் என்ன? அதுவும் செய்து பார்க்கப்பட்டதே. 2022 அக்டோபர் 5 இரவு, வாளையாற்றிலிருந்து பாலக்காடு வழியே செல்லும் நெடுஞ்சாலையில், வடக்கஞ்சேரிக்கு அருகே, பள்ளிப் பிள்ளைகளை உதகைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்ற பஸ் ஒன்று அரசுப் போக்குவரத்து பஸ்ஸின் பின்புறம் மோதிக் கவிழ்ந்தது. ஒன்பது பேர் மாண்டனர். ஐவர் மாணவர், ஒருவர் ஆசிரியர். அங்கே காரணம் கைப்பேசி அன்று, வேகம். மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சென்றிருந்தது. வேகத்தைத் தடுக்கும் கருவி அவ்வண்டியில் பொருத்தப்பட்டேயிருந்தது; அதைக் குலைத்து வைத்திருந்தனர் என்று விசாரணையில் வெளியாயிற்று. இரும்புக்குள் பொதிந்து வைத்த காவலையும் மனிதக் கை அவிழ்த்துவிடும். அவிழ்க்க விரும்பாத மனம் ஒன்றே அவிழாதது.

இப்பொழுது அன்பரின் கேள்விக்குத் திரும்புவோம். உடுமலையிலிருந்து சின்னாறு வழியே மறையூர் செல்லும் சாலையில் யானை நிற்குமாயின், எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டி எச்சரிப்பது கருணை. மண் சரிந்திருக்கிறது என்று கைகாட்டுவது தானம். அங்கே சைகையால் உயிர் காக்கப்படுகிறது. போலீசார் நிற்பதைச் சைகையால் தெரிவிக்கும்போது காக்கப்படுவது யாது? ஓட்டுபவரின் 2,000 ரூபாய். அது சிறு தொகையன்று. கூலி வண்டிக்காரருக்கு ஒரு நாள் வருவாய் முழுவதும் போய்விடக்கூடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அவ்வண்டியின் பின்புறத்தில் தூக்கக் கலக்கத்துடன் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு அந்தச் சைகையால் ஒரு நன்மையும் இல்லை.

"சைகையைக் கண்டு அவர் கைப்பேசியைக் கீழே வைக்கிறாரே, போலீசார் விரும்பியதும் அதுதானே?" என்று ஒருவர் தடை கூறலாம். உண்மையே, வைக்கிறார். அந்த வளைவு கடக்கும்வரை வைக்கிறார். பிறகு எடுக்கிறார். அந்தச் சைகை அவருக்கு, "பேசுவதில் தீங்கில்லை, பார்க்கப்படுவதில்தான் தீங்கு" என்று கற்பிக்கிறது. நாம் கற்பித்த பாடத்துக்கு நாமும் பங்காளிகள். இவ்வண்ணம் எண்ணத்தை வைத்து அளந்தால், அச்சைகையில் உதவி உண்டு, ஆனால் அது பாராமைக்குச் செய்யும் உதவி என்பது தெளிவு. போலீஸ்காரர் எவரேனும் முறை தவறிப் பணம் பறித்தால், அதற்கு மருந்து இடமும் நேரமும் குறித்து மேலதிகாரியிடம் முறையிடுவது. ஒளிந்துகொள்வதால் அவரும் திருந்தார், நாமும் திருந்தோம்.

இந்த விடையை அடுத்த சந்திப்பில் அன்பரிடம் கூறினோம். அவர் மறுக்கவில்லை. "சரிதான் ஐயா. ஆனால் நான் ஆசைக்காகவா பேசுகிறேன்? இன்றைக்கு எத்தனை ஆள், எங்கே வருகிறாய் என்று காலை ஆறு மணிக்குத் தோட்டத்திலிருந்து கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் வேறு ஜீப்புக்காரனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்" என்றார்.

அப்பொழுதுதான் நாம் எண்ணிப் பாராத ஒருவர் நம் கண்ணுக்குத் தெரிந்தார். அவர் கூப்பிடுபவர். சட்டம் அவரைக் காண்பதில்லை. காமிரா அவரைப் படம் பிடிப்பதில்லை. மலையேறும் நேரம் என்று அறிந்தே கூப்பிட்டு, எடுக்கவில்லையென்றால் பிழைப்பைப் பறிப்பவர், பாராமல் அமரும்படி பிறரை ஏவுபவர். தானே செய்யாமல் பிறரைச் செய்விப்பதும் வினையே. தோட்டக்காரர் மட்டுமன்று, நாமும் அவரே. "எங்கே வருகிறீர்கள்?" என்று வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கொருமுறை கூப்பிடும் மனைவியும், தாயும், மகனும் அவரே. அன்பினால் கூப்பிடுகிறோம், ஆனால் அவ்வன்பு சாலையைக் காண்பதில்லை.

ஆதலின் நம் சங்கத்தினர் கைக்கொள்ளத்தக்கவை சில. ஓட்டுபவர் புறப்படுமுன் கைப்பேசியைப் பையிலிட்டுப் பின்னால் இருப்பவரிடம் கொடுத்துவிடுக. அவசியமாயின் அகன்ற இடம் பார்த்து நிறுத்திப் பேசுக. கூப்பிடுபவர் முதற்சொல்லாக, "வண்டி ஓட்டுகிறீரா?" என்று கேட்டு, ஆம் எனில் அக்கணமே முடித்துக்கொள்க. வண்டியில் அமர்ந்து செல்வோர், "அண்ணே, போனை இங்கே கொடுங்கள்" என்று கேட்கத் தயங்கற்க. அது மரியாதைக் குறைவன்று, அவ்வுயிர் தம்முடையது. பஞ்சசீலத்தின் முதற்சீலத்தை நாம் நாவால் ஏற்கின்றோம். கொல்லேன் என்று கூறுவோர் பெரும்பாலோர் எவரையும் கொல்ல எண்ணியவர் அல்லர். அச்சீலம் நம்மிடம் எதையேனும் கேட்கிறதென்றால், இத்தகைய சிறு இடங்களிலேதான் கேட்கிறது.

அந்த அன்பர் பின்னர் வந்தபோது நடந்ததைக் கூறினார். தோட்டத்தாரிடம், "ஐந்தரைக்கு அடிவாரத்தில் நின்று நானே கூப்பிட்டு ஆள் கணக்குச் சொல்லிவிடுகிறேன், மேலே ஏறும்வரை எடுக்கமாட்டேன்" என்று தெரிவித்திருக்கிறார். இரண்டு தோட்டத்தார் முணுமுணுத்துப் பின் உடன்பட்டனர். ஒரு தோட்டத்தார் வேறு வண்டியை வைத்துக்கொண்டனர். அந்த வருவாய் போயிற்று, இன்னும் திரும்பவில்லை. கைப்பேசி இப்பொழுது முன்னிருக்கையில் அமரும் மூத்த அம்மாளின் சுருக்குப் பைக்குள் இருக்கிறதாம்.

"எதிரே வருகிறவர்கள் இன்னும் விளக்கைச் சிமிட்டுகிறார்களா?" என்று கேட்டோம்.

"சிமிட்டுகிறார்கள் ஐயா. எனக்கு அதனால் இப்போது வேலை ஒன்றும் இல்லை" என்றார்.